ஊர்த் தீயணைப்புச் சாமானுக்கு இடம் பிடித்த அனுபவம்

கச்சான் காற்று தொடங்கும் முன்பே எங்கள் தன்னார்வத் தீயணைப்புக் குழுவின் சாமான்கள் ஒழுங்கான ஓர் அறைக்குள் போய்விட்டன. அனுமதிக் கடிதமும் கையில் இருக்கிறது. திருகோணமலைக்கு வடக்கே கரையோரத்தில் இன்னும் சில ஊர்க்காரர் இதே வேலையில் இறங்க யோசிப்பதாகக் கேள்விப்பட்டேன். நாங்கள் அலைந்த அலைச்சல் அவர்களுக்கும் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இப்படி ஒரு குழு எதற்கு என்று நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வைகாசி பிறந்தால் கச்சான் அடிக்கும். புல் காய்ந்திருக்கும், கிடுகு வேலி அதைவிடக் காய்ந்திருக்கும். நகரத்திலிருந்து வண்டி வந்து சேர்வதற்குள் ஒரு வாடியும் (மீனவர் கொட்டில்) அதற்குள் இருக்கிற வலையும் முடிந்துவிடும். காசு வெளிநாட்டில் இருக்கும் ஊர்ப்பிள்ளைகளிடமிருந்து வந்தது. தூக்கிக்கொண்டு போகக்கூடிய பெற்றோல் பம்பி, உறிஞ்சு குழாய், தண்ணீர் அடிக்கும் ஹோஸ்கள், நொசில், பவுடர் சிலிண்டர்கள், தலைக்கவசம், பூட்ஸ் எல்லாம் வாங்கினோம். பயிற்சியும் நடந்தது. இவற்றில் ஒரு சிக்கலும் இல்லை. இதையெல்லாம் எங்கே வைப்பது என்ற கேள்வியில்தான் மாட்டிக்கொண்டோம்.

முதலில் கிடைத்தது ஒரு பொது மண்டபத்தின் பின்னறை. வாடகை இல்லை, ஓட்டுக் கூரை, நல்ல சுவர். நிர்வாகத்தார் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: திறப்பு காவலாளியிடம் மட்டும்தான் இருக்கும். இன்னொரு திறப்பு தாருங்கள் என்று எழுத்திலும் கேட்டோம், வாயாலும் கேட்டோம். "மண்டபத்துச் சாமான் காணாமல் போனால் யார் பொறுப்பு?" என்று அதோடு கதையை முடித்துவிட்டார்கள்.

ஒரு மத்தியானம் கரையில் ஒரு வாடி பற்றியது. ஓடிப்போனால் மண்டபம் பூட்டிக் கிடக்கிறது. காவலாளி திறப்போடு ரவுனுக்குப் போய்விட்டார். ஆமைப் பூட்டை உடைத்து உள்ளே போனால், பின்னறைக் கதவை மறைத்துக் கல்யாணத்துக்கு வந்த வாடகைக் கதிரைகளை உயர அடுக்கி வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுப் பம்பியை வெளியே எடுக்கும்போது வாடியின் கூரை விழுந்துவிட்டது. வலை, கயிறு, கழற்றி வைத்திருந்த எஞ்சின் எல்லாம் போய்விட்டன. பக்கத்து வாடிகளைக் காப்பாற்றினோம், அது உண்மை. ஆனால் பம்பி ஊருக்குள்ளேயே இருந்தும் அந்தக் குடும்பத்தின் பிழைப்பு எங்கள் கண்முன்னால் எரிந்தது. அந்த அக்கா எங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அடுத்த கிழமை மண்டபத்தார் உடைத்த பூட்டுக்குக் காசு கேட்டார்கள். கொடுத்துவிட்டு, அன்றைக்கே சாமான்களை எங்கள் குழுத் தம்பி ஒருவரின் வீட்டு விறாந்தைக்கு மாற்றினோம்.

அப்புறம் பார்த்த இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மீன்பிடிச் சங்கத்தின் களஞ்சியத்தில் ஒரு மூலை தருகிறோம் என்றார்கள். அதே அறையில் மண்ணெண்ணெய்ப் பீப்பாக்கள் நிற்கின்றன. எரிந்தால் முதலில் எரியக்கூடிய இடத்தில் தீயணைப்புச் சாமானை வைக்கக் கூடாது. வாசலும் குருமணல், பாரம் ஏற்றிய தள்ளுவண்டி ஒரு முழம் நகராது. கோயில் வளவிலும் அறை தர முன்வந்தார்கள். திருவிழா நாட்களில் அங்கே பந்தலும் கடைகளும் சனமுமாக இருக்கும், நெருப்புப் பயமும் அந்த நாட்களில்தான் கூட. நன்றி சொல்லிவிட்டு வந்தோம்.

கரையோரத்தில் சொந்தமாக ஒரு கொட்டில் போடலாம் என்ற யோசனையும் எழுந்தது. அப்படி யோசிப்பவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டடம் எழுப்புவதென்றால் அனுமதிப்பத்திரம் வேண்டும். அது இல்லாமல் பிரதேச சபையில் கட்டட அனுமதி கேட்டுப் போய்ப் பிரயோசனம் இல்லை. ஏற்கெனவே இருக்கும் கட்டடத்தைத் தேடுங்கள். அதுதான் கெதியாக நடக்கும்.

எங்களுக்கு அப்படி ஒரு கட்டடம் இருந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு ஒரு நிறுவனம் பிரதான வீதியோரமாகக் கட்டிக் கொடுத்தது. கொஞ்சக் காலம் தையல் வகுப்பு நடந்தது, பிறகு பூட்டிக் கிடந்தது. வீதி மட்டத்தைவிட உயரம். 2020 மார்கழியில் புரெவி சூறாவளி எங்கள் மாவட்டத்தில் கரையேறியபோதுகூட உள்ளே தண்ணீர் போகவில்லை. பின்னால் கிணறு, முன்னால் வண்டி திருப்ப இடம். இதைவிட நல்ல இடம் ஊரில் கிடையாது.

கட்டடம் யாருடையது? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடித்தான் மாதக்கணக்காக அலைந்தோம்.

ஜி.எஸ். (கிராம சேவகர்) அன்றைக்கே கடிதம் தந்தார். அதைக் கொண்டு முதல் கந்தோருக்குப் போனோம். அங்கிருந்த எழுதுவினைஞர் கடிதத்தை முழுக்க வாசிக்காமலே, "தம்பி, காணி அரசாங்கத்தினுடையது, கட்டடம் நிறுவனத்தினுடையது. நிறுவனத்திடம் சம்மதக் கடிதம் கொண்டு வாங்கோ" என்றார். அந்த நிறுவனம் ஊரைவிட்டுப் போய்ப் பல வருடம் மிஸ் என்றேன். "அப்படியென்றால் கையளிப்புப் பத்திரம் கொண்டு வாங்கோ" என்றார். அது இருந்தால் உங்களிடம்தானே இருக்க வேண்டும் என்று கேட்டதற்கு, அடுத்த கந்தோரைக் கைகாட்டினார். அங்கே போனால், இது எங்கள் சொத்துப் பதிவேட்டில் இல்லை, நீங்கள் முதலில் போன இடத்திலேயே கேளுங்கள் என்றார்கள். மறுபடி முதல் இடத்துக்கு வந்தால், காணி உத்தியோகத்தர் களத்துக்குப் போய்விட்டார். அவர் களத்துக்குப் போகும் நாள் எது என்று கேட்டேன். வாசலில் எழுதிப் போட்டிருக்கிறது பாருங்கள் என்றார்கள். அந்த அறிவித்தல் பழையது, நாளை மாற்றி நெடுங்காலம் ஆகிவிட்டது. கடலுக்குப் போகாமல் உழைப்பை விட்டுவிட்டு என்னோடு வந்தவர்களின் அந்த நாளும் வீணாய்ப் போனது. அதை நினைக்க இப்போதும் கோபம் வருகிறது. புறப்படும் முன் தொலைபேசியில் கேளுங்கள், சொன்னவரின் பெயரையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முடிச்சை அவிழ்த்தவர் ஓய்வுபெற்ற விதானையார் ஒருவர். அவர் சொன்னது இரண்டே விடயம். முதலாவது, உரிமை கேட்காதீர்கள், தற்காலிகப் பாவனைக்கு அனுமதி கேளுங்கள். நிரந்தரமாக எதுவும் கட்ட மாட்டோம், கேட்டால் திருப்பிக் கொடுப்போம் என்று விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். உரிமை என்றால் கோப்பு மேலே மேலே போகும், பாவனை என்றால் கீழேயே முடியலாம். இரண்டாவது, கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பழைய கூட்டறிக்கைப் புத்தகங்களைத் தேடிப் பாருங்கள், கட்டடத்தைச் சங்கம் பொறுப்பெடுத்த அன்று நானும் அங்கே இருந்தேன் என்றார்.

முன்னாள் செயலாளர் வீட்டுத் தகரப் பெட்டிக்குள் அந்தப் புத்தகம் கிடைத்தது. ஓரம் கறையான் அரித்திருந்தாலும் உரிய பக்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. நிறுவனப் பிரதிநிதி, சங்கத் தலைவர், அந்த நாள் ஜி.எஸ். மூவரின் கையெழுத்தும் இருந்தது. கொண்டுபோய் மேசையில் வைத்தபோது எழுதுவினைஞர் நன்றாகப் பார்த்துவிட்டு, "இதை முதலே தந்திருக்கலாமே" என்றார். நான் பதில் சொல்லவில்லை. போட்டோ கொப்பியில் உண்மைப் பிரதி என்று முத்திரை வாங்கிக்கொண்டு, மூலப் புத்தகத்தைத் திரும்ப என் பைக்குள் வைத்தேன். நீங்களும் மூலத்தை எந்த மேசையிலும் விட்டுவிட்டு வராதீர்கள்.

விண்ணப்பத்தை உந்தித் தள்ளியது இன்னும் ஒரு கடிதம். ஊரின் அனர்த்த முகாமைத்துவக் குழுவில் எங்கள் குழுவையும் சேர்த்து, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் மாவட்ட அலகில் சிபாரிசு வாங்கினோம். அங்கே மரியாதையாகக் கேட்டு, கெதியாகச் செய்து தந்தார்கள். சாமான் பட்டியலையும் அது எந்தச் சங்கத்தின் சொத்து என்பதையும் தனித் தாளில் இணைத்துவிடுங்கள். பட்டியல் இல்லாததற்காக எங்கள் விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்தது. பட்டியல் வேண்டும் என்று படிவத்தில் எங்கும் இல்லை.

கடைசி நேரத்தில் இன்னொரு கேள்வி வந்தது. ஊருக்கு உள்ளே வேறு வெறுங்கட்டடம் இருக்கிறதே, வீதியோரம் ஏன்? இதற்குத் தயாராகத்தான் போயிருந்தோம். தன்னார்வத் தீயணைப்புக் குழுக்களுக்காக அமெரிக்காவில் என்.எஃப்.பி.ஏ. 1720 என்று ஒரு தரநிலை இருக்கிறது. கிராமப்புறத்தில் 14 நிமிடத்துக்குள் 6 பேர் தீ நடக்கும் இடத்தில் நிற்க வேண்டும், 100க்கு 80 தடவையாவது அது நடக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. கிடுகு வேலிக்கு 14 நிமிடம் மிக அதிகம் என்பது என் எண்ணம். ஆனாலும் நேரத்தை வைத்து இடத்தைத் தீர்மானிக்கும் முறை சரியானது. எங்கள் ஆட்களில் பாதிப்பேர் கடல்தொழிலாளர். கடலுக்குப் போன நேரத்தில் தீப்பிடித்தால் யார் ஓடி வருவார்கள்? பகலில் ஊரில் நிற்பவர்களைக் கணக்கெடுத்தோம்: கடைக்காரர், தையல் தைக்கும் தங்கச்சி, ஓய்வுபெற்ற ஆசிரியர், ஓட்டோ ஓட்டும் இரண்டு தம்பிமார். எல்லோரும் வீதியோரம்தான். அவர்கள் வீடுகளைக் குறித்த ஒரு கைப்படத்தைக் கொடுத்தோம். படத்தைப் பார்த்ததும் அந்த அதிகாரி வேறு ஒன்றும் கேட்காமல் கையெழுத்து வைத்தார். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

அறைக்குள் செய்த வேலைகளில் உங்களுக்கு உதவக்கூடியதைச் சொல்கிறேன். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். சுருட்டு ஷட்டர் போடச் சொன்னார்கள், உப்புக் காற்றில் அது இறுகிவிடும் என்பதால் இரட்டை மரக்கதவு போட்டோம். பம்பி சக்கரம் வைத்த தள்ளுவண்டியில் ஏறி, உறிஞ்சு குழாய் பொருத்தியபடியே, வாசலைப் பார்த்து நிற்கிறது. அதற்கு முன்னால் ஒரு வாளிகூட வைக்க விடமாட்டோம். பெற்றோல் அந்த அறையில் இல்லை. வெளியே நிழலில், காற்றோட்டமான பூட்டிய கூட்டுக்குள் இருக்கிறது. கிழமைக்கு ஒருமுறை பம்பியை இயக்கிப் பார்க்கிறோம், நாட்பட்ட பெற்றோலை மாற்றுகிறோம்.

கடல் தண்ணீர் இழுத்த பம்பியையும் ஹோஸையும் நல்ல தண்ணீரால் கழுவாமல் உள்ளே வைக்காதீர்கள், பித்தளை இணைப்புகள்கூடப் பச்சை பிடித்து இறுகிவிடும். ஈரத்தோடு சுருட்டினால் ஹோஸ் பூஞ்சணம் பிடிக்கும். பின்பக்கம் பனைமரச் சிலாகையில் தொங்கவிட்டு நிழலில் உலர்த்துகிறோம். எலிக்காகக் கீழ்த்தட்டைக் கம்பி வலையால் அடைத்தோம்.

கிணற்றைக் கச்சான் காலத்தில் அளந்து பாருங்கள், மாரியில் அளப்பது ஏமாற்றும். எந்தப் பம்பியானாலும் நடைமுறையில் சுமார் 7 மீற்றர் ஆழத்துக்குக் கீழேயிருந்து தண்ணீரை உறிஞ்ச முடியாது. ஆவணியில் மட்டம் அதற்குக் கீழே போனால், கிணற்றருகே ஒரு தண்ணீர்த் தாங்கி வேண்டும்.

திறப்பு இப்போது கடையிலும் தையல் வீட்டிலும் ஆசிரியரிடமும் இருக்கிறது. கதவில் தீயணைப்புக்கான 110, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, நகரத் தீயணைப்பு நிலையத்தின் நேரடி இலக்கம் மூன்றையும் பெரிதாக எழுதியிருக்கிறோம். பம்பி கையில் இருந்தாலும் முதலில் நகரத்துக்குச் சொல்லிவிட்டுத்தான் ஓட வேண்டும் என்பது எங்கள் குழுவின் விதி.

மின் இணைப்பு இன்னும் கிடைக்கவில்லை. பழைய மானி வேறு பெயரில் இருக்கிறது, அதற்கும் அதே கூட்டறிக்கைப் பிரதியைக் கொடுத்திருக்கிறோம். அதுவரைக்கும் சூரிய விளக்கு ஒன்று தொங்குகிறது. அனுமதியை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். அடுத்த விண்ணப்பத்தை மாசியிலேயே கொடுத்துவிடுவோம். காணி உத்தியோகத்தரின் புதிய களநாளைக் கேட்டு எழுதி வைத்தாயிற்று.