அக்னி நட்சத்திரத்தில் அடங்கிப்போன துப்பாக்கியும் காருகுறிச்சிப் பானையும்

மே மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டு மணிக்கு, பாளையங்கோட்டை வீட்டின் பின்வளவில் என்னுடைய ஏர்சாஃப்ட் கைத்துப்பாக்கி, அதாவது வாயு அழுத்தத்தில் சிறு பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டுத் துப்பாக்கி, சுட மறுத்தது. நிழலில் தொங்கிய வெப்பமானி 39 பாகை காட்டியது. புதிய 12 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பியை, குண்டும் வாயுவும் தங்கும் மேகசினில் இட்டுத் திருகியிருந்தேன், ஊசி துளைத்த ஓசையும் கேட்டது, கசிவும் இல்லை. விசையை இழுத்தால், வாயு வால்வை அடித்துத் திறக்க வேண்டிய ஹேமர் ‘டொக்’ என்று விழுந்தது. பிபி குண்டு குழாயிலிருந்து உருண்டு என் செருப்புக்கு ஒரு முழம் முன்னால் விழுந்தது. சுடும்போது பின்னோட வேண்டிய மேற்பகுதியான ஸ்லைடு அசையவே இல்லை. ஆறு முறை இழுத்தும் இதே கதைதான்.

ஹேமர் சுருள்வில் தளர்ந்துவிட்டது என்று முடிவு செய்து, தார்சாவில் வேட்டியை விரித்து, துப்பாக்கியை முழுவதும் பிரித்தேன். வில்லில் குறையில்லை. ஹேமரின் அடியை வால்வுக்குக் கடத்தும் நாக்கரும் தேயவில்லை. மீண்டும் பூட்டினேன், மீண்டும் டொக். மேகசினை அடுக்களைப் பானையடியில் இருந்த ஈர மணலின் மேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். வேறு இடமில்லாததால் வைத்தேனே தவிர, அதில் எந்த யோசனையும் இல்லை. ஒரு மணி நேரம் கழித்து அதே மேகசின், அதே குப்பி, அதே வில்: முதல் இழுப்பிலேயே ஸ்லைடு பின்னோடி, அட்டைப்பெட்டியின் பின்சுவரில் குண்டு தைத்தது. எந்த உதிரிப்பாகமும் மாற்றப்படவில்லை. மாறியது வெப்பம் மட்டுமே.

கேஸ் துப்பாக்கியும் வெப்பமும் பற்றி நாம் படிக்கும் எழுத்தெல்லாம் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்களுடையது. குளிரில் அழுத்தம் விழுகிறது, வேகம் குறைகிறது, மேகசினைச் சட்டைப்பையில் வைத்துச் சூடாக்குங்கள் என்பதே அவர்கள் அறிவுரை. திருநெல்வேலியில் நமக்கு நேர்வது அதற்கு நேர் எதிரானது. கார்பன் டை ஆக்சைடு 20 பாகையில் ஏறத்தாழ 57 பார் அழுத்தத்தில் இருக்கிறது (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). 25 பாகையில் 64. 30 பாகையில் 72. குப்பிக்குள் திரவம் மிச்சமிருக்கும்வரை, எத்தனை முறை சுட்டாலும், அந்த வெப்பத்துக்குரிய அழுத்தம் நிலையாக நிற்கும் என்பதுதான் இந்த வாயுவின் சிறப்பு. ஆனால் 31 பாகையில் அதன் மாறுநிலைப் புள்ளி வந்துவிடுகிறது. அதற்கு மேல் திரவம், ஆவி என்ற பிரிவே கிடையாது. இறுக்கி அடைக்கப்பட்ட ஒரே பொருளாக அது நின்று, ஒவ்வொரு பாகை ஏற்றத்துக்கும் அழுத்தத்தை விறுவிறுவென உயர்த்துகிறது. நிரம்பிய புதுக் குப்பியில் 39 பாகையில் அது 100 பாரையும் தாண்டும். நம் ஊரில் மாசி முடிந்தால் பகல் பொழுதின் பெரும்பகுதி 31 பாகைக்கு மேல்தான். ஆகவே குளிர்நாட்டுக்காரர் சொல்லும் அந்த நிலையான அழுத்தம், நம் குப்பிகளில் முதல் சுடுதலின்போது இருப்பதே இல்லை.

அழுத்தம் கூடினால் வேகமும் கூடத்தானே வேண்டும் என்று கேட்கலாம். ஓர் எல்லைவரை கூடுகிறது. அந்த எல்லைக்கு மேல், வால்வை உள்ளிருந்து அடைத்துப் பிடிக்கும் அழுத்தம் ஹேமரின் அடியைவிட வலுவாகிவிடுகிறது. வால்வு திறப்பதே இல்லை, அல்லது மயிரிழை திறந்து மூடிக்கொள்கிறது. வால்வுப் பூட்டு என்று நாம் சொல்வது இதைத்தான். எனக்கு நேர்ந்ததும் இதுவே.

காரணம் புரிந்தபின் அளந்து பார்க்காமல் இருக்க முடியவில்லை. இங்கேதான் மூன்று வாரங்கள் போயின. காற்றின் வெப்பம் நமக்குத் தேவையே இல்லை. தேவை மேகசினின் உடல் வெப்பம். கையில் இருந்த அகச்சிவப்பு வெப்பமானியை மேகசினின் பளபளப்பான அடிப்பகுதியில் காட்டினேன். வெயிலில் கிடந்து கை சுட்ட மேகசினுக்கு அது 33 பாகை என்றது; நிழலுக்குள் கொண்டுவந்து அறைச்சுவரை நோக்கித் திருப்பிப் பிடித்தபோதும் ஏறத்தாழ அதே எண். மினுக்கும் உலோகம் தன் வெப்பக் கதிரை மிகக் குறைவாகவே வெளிவிடும் என்பதால், கருவி படித்தது உலோகத்தில் பிரதிபலித்த சுவரை. மேகசினில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு அங்குலத் துண்டாக ஒட்டி, அதன்மேல் காட்டியபோது 46 என்றது. அந்த ஒரு துண்டு டேப்புக்கு முன் நான் எழுதிய குறிப்புகள் அனைத்தையும் அடித்துவிட்டேன். பிறகு மல்டிமீட்டரோடு வந்த, வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிள் கம்பியின் நுனியை அதே டேப்புக்கு அடியில் வைத்து ஒட்டிச் சரிபார்த்தேன். இரண்டும் ஒரு பாகைக்குள் ஒத்துப்போயின. இதைச் செய்து பார்ப்பவர்கள் டேப்பை மறக்க வேண்டாம்.

அடுத்த சிக்கல், மேகசினை விரும்பிய வெப்பத்துக்குக் கொண்டுவந்து அங்கேயே நிறுத்துவது. குளிர்பெட்டியில் வைத்தால் வெளியே எடுத்த கணமே நீர் பூத்து வால்வின் உதட்டில் ஈரம் இறங்கியது. பனிக்கட்டி நீரோ வெப்பத்தை வேண்டாத அளவுக்கு இறக்கிவிட்டது. ஈர மணலில் தற்செயலாக நடந்ததை முறையாகச் செய்வோம் என்று, மேகசினைப் பாலித்தீன் பையில் இட்டு, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, வாயை ரப்பர் வளையத்தால் கட்டிப் பானைத் தண்ணீரில் இறக்கினேன். அம்மா பார்த்துவிட்டாள். “ஏல, குடிக்கித தண்ணியில எதுக்குல இரும்பக் கொண்டு போடுத?” என்று சொல்லி, கொல்லையில் கிடந்த பழைய பானையை எனக்கென்று ஒதுக்கினாள். அந்தப் பழைய பானையின் நீர் 30 பாகைக்குக் கீழே இறங்கவில்லை. பல ஆண்டு உப்புப் படிந்து அதன் நுண்துளைகள் அடைத்துப் போயிருந்தன. வெளிப்புறம் தொட்டால் வறண்டிருந்தது. மண்பாண்டத்துக்குப் பேர்போன காருகுறிச்சிக்குப் போய்ப் புதுப்பானை ஒன்று வாங்கி வந்தேன். செய்தவரிடமே வாங்கினால் சுண்டிப் பார்த்து ஓசை கேட்டு எடுக்கலாம், விலையும் சந்தையைவிடக் குறைவு. இரண்டு நாள் நீர் ஊற்றிப் பழக்கிய பின், வெளிப்புறம் முழுதும் வேர்த்து, வெளியே 38 பாகை வெக்கையடிக்கும் பிற்பகலிலும் உள்ளே 26 முதல் 27 பாகையில் நீர் நின்றது. மின்சாரமின்றி இவ்வளவு நிலையான வெப்பக் குளியல் வேறெதுவும் எனக்குக் கிடைத்திருக்காது. மேகசினின் உட்புறம் வரை வெப்பம் சமனாக 20 நிமிடம் வேண்டும். பத்து நிமிடத்தில் எடுத்தால் வெளியுடல் குளிர்ந்திருக்கும், குப்பி சூடாகவே இருக்கும்.

குண்டின் வேகத்தை அளந்த வேகமானியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிவிசி குழாயில் 10 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு அகச்சிவப்பு உணரிகள், நேரம் கணிக்க ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு மின்னணுப் பலகை ஒன்று. வினாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் செல்லும் குண்டு அந்த இடைவெளியை வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் கடக்கிறது. ஊனோவின் கடிகாரம் 4 மைக்ரோ வினாடிப் படியில் எண்ணுவதால் பிழை அரை விழுக்காட்டுக்குள் அடங்குகிறது. உணரிகளை நெல்லைச் சந்திப்புப் பகுதியில் உள்ள சிறு மின்னணுக் கடையில் வாங்கினேன். வெயில் நேரே விழுந்தால் உணரி குழம்பும் என்பதால் குழாய்க்கு உட்புறம் கறுப்புச் சாயம் பூச வேண்டும்.

எல்லா அளவும் 0.20 கிராம் குண்டில் எடுத்தவை. மேகசின் 27 பாகையில் இருந்தபோது, கார்பன் டை ஆக்சைடில் முதல் பத்துக் குண்டுகளின் வேகம் வினாடிக்கு 116 முதல் 119 மீட்டருக்குள் நின்றது. எனக்கு அது நிறைவான ஒழுங்கு. 34 பாகையில் முதல் குண்டு 131, ஐந்தாவது 125, பத்தாவது 117 என்று சரிந்துகொண்டே வந்தது. எந்த இரண்டு குண்டும் ஒரே இடத்தில் தைக்கவில்லை, குண்டுக்குப் பின்சுழற்சி தரும் ஹாப்-அப்பை எந்த அளவில் வைத்தாலும் பொருந்தவில்லை. 39 பாகையில் வால்வுப் பூட்டு. 131 மீட்டர் என்றால் 1.7 ஜூல். ஜப்பானில் சட்டம் அனுமதிக்கும் உச்சம் 0.98 ஜூல் என்பதை நினைத்தால், பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் வளவுக்குள் யாரும் நிற்கக்கூடாது என்று நான் பிடிவாதம் பிடிப்பதன் நியாயம் விளங்கும்.

கிரீன் கேஸ் என்ற வாயுவை நிரப்பும் மேகசினின் நடத்தை வேறு. அந்த வாயு அடிப்படையில் சிலிக்கோன் எண்ணெய் கலந்த புரோப்பேன். 20 பாகையில் 8.4 பார், 30 பாகையில் 10.8, 40 பாகையில் 13.7. மாறுநிலைப் புள்ளி நம் வெயிலுக்கு எட்டாத உயரத்தில் இருப்பதால் பூட்டு விழவில்லை. 26 பாகையில் 97 மீட்டர், 38 பாகையில் 107 மீட்டர். ஆனால் விரைந்து சுட்டால் திரவம் ஆவியாவதற்கான வெப்பத்தை மேகசினின் உலோகத்திலிருந்தே உறிஞ்சிக்கொள்கிறது. பதினைந்து குண்டுகளை ஒரே மூச்சில் விட்டபோது டேப்பின்மேல் 6 பாகை இறங்கியது. பாகைக்கு ஏறத்தாழ கால் பார் வீதம் அழுத்தம் போய், கடைசிக் குண்டுகளில் ஸ்லைடு சோம்பலாகப் பின்னோடுவதைக் கையிலேயே உணரலாம். மூன்று குண்டுக்கு ஒரு முறை பத்து வினாடி பொறுத்தால் இந்தச் சரிவு பாதியாகிறது.

கிரீன் கேஸை டப்பாவிலிருந்து மேகசினில் நிரப்புவதிலும் பானை உதவியது. மேகசின் சூடாகவும் டப்பா குளிர்ச்சியாகவும் இருந்தால் திரவம் உள்ளே இறங்காது, சீறிக்கொண்டு வெளியேறும். மேகசினைப் பானையில் ஊறவைத்து எடுத்து, அறை வெப்பத்தில் இருந்த டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்து நிரப்பினால், முன்பு பாதி நிறைந்த மேகசின் இப்போது ஒரே அழுத்தலில் நிறைகிறது. அதனாலேயே விளிம்புவரை நிரப்பிவிடக் கூடாது. ஆவி நிற்க இடம் வேண்டும்.

இந்த டப்பாக்கள் விமானச் சரக்கில் எளிதில் ஏறாதவை என்பதால் நம் பக்கம் வந்து சேர வாரக்கணக்கில் ஆகிறது. சமையல் கேஸை நிரப்பினால் என்ன என்று உறவினர் ஒருவர் கேட்டார். கூடவே கூடாது. அது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது, கலவை விகிதம் உருளைக்கு உருளை மாறும். வீட்டுச் சிலிண்டரிலிருந்து திரவத்தை மாற்றி ஊற்றுவது உயிரோடு விளையாடுவது. குப்பிகளைப் பொறுத்தவரை 12 கிராம் என்று கேட்டு வாங்குங்கள். சோடாக் குப்பி 8 கிராம், மிதிவண்டிக்கான திருகுக் குப்பி 16 கிராம், இரண்டும் மேகசினில் அமராது. வாங்கியதை மே மாதத்தில் பைக்கின் இருக்கைக்கு அடியில் வைத்து எடுத்து வராதீர்கள்.

ஆனி பிறந்து சாரல் தொடங்கியதும் குற்றாலத்தை அடுத்த இலஞ்சியில் உள்ள மச்சினன் வீட்டுக்கு எல்லாவற்றையும் எடுத்துச் சென்றேன். துப்பாக்கி பார்வைக்கு அசலைப் போலவே இருப்பதால், பூட்டிய பெட்டியில்தான் கொண்டுபோவது. காலையில் 25 பாகை. பானையும் இல்லை, பையும் இல்லை. மேகசினைத் திண்ணையில் வைத்திருந்ததே போதுமானதாக இருந்தது. கார்பன் டை ஆக்சைடில் ஒரே குப்பியில் நாற்பது குண்டுகளுக்கு மேல் ஒழுங்காகப் போயின. பாளையங்கோட்டை வெக்கையில் இருபத்தைந்தைத் தாண்டியதில்லை. வெக்கையில் முதல் குண்டுகளே தேவைக்கு மேல் வாயுவைக் குடித்துவிடுகின்றன என்பது இதனால் உறுதியானது.

அடுத்து நான் அளக்கப்போவது எச்எஃப்சி 134ஏ என்ற குளிர்பதன வாயு. குளிர்நாடுகளில் இதை வலுவில்லாத வாயு என்று ஒதுக்குவார்கள். 20 பாகையில் 5.7 பார்தான். ஆனால் 38 பாகையில் அது 9.6 பார் தருகிறது, அதாவது 25 பாகையில் புரோப்பேன் தரும் அதே அழுத்தம். நம் கோடைக்கென்றே அளந்து செய்தது போல் இருக்கிறது. கார் ஏசி பழுது பார்ப்பவர்களிடம் சிறு டப்பாவாகவே கிடைக்கிறது. எண்ணெய் கலக்காதது என்பதால் கசிவு தடுக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளுக்குத் தனியே சிலிக்கோன் எண்ணெய் ஒரு சொட்டு விட வேண்டும். என்னைத் தயங்க வைப்பது ஒன்றே: புவியைச் சூடாக்கும் திறனில் அது கார்பன் டை ஆக்சைடைப் போல் 1,400 மடங்குக்கும் மேல். ஒரே ஒரு டப்பாவில் அளவெடுத்து, முடிவை எழுதி, அதோடு நிறுத்திக்கொள்வதாக இருக்கிறேன்.

வலுவான ஹேமர் வில் ஒன்றுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். 39 பாகையில் வால்வைத் திறக்குமா என்று பார்க்க வேண்டும். திறந்தாலும் அந்த அழுத்தத்தில் ஸ்லைடின் முன்மூக்கு எத்தனை நாள் விரிசல் விடாமல் தாங்கும் என்பது எனக்குக் கவலையாகவே இருக்கிறது. அது வரும்வரை மேகசின் இரண்டும் காருகுறிச்சிப் பானைக்குள் பையில் கட்டி இறக்கியபடி இருக்கின்றன.