ஸ்வெட்டரோடு எடை பார்க்காதீர்கள்: டயாலிசிஸில் பிரஷர் இறங்குவது பற்றி

ஏற்காட்டிலிருந்து முதல் ஷிப்டுக்கு விடிகாலையில் இறங்கி வருகிறவர் ஸ்வெட்டர், சால்வை, மப்ளர் எல்லாம் போட்டிருப்பார். சேலத்தில் டயாலிசிஸ் யூனிட்டுக்குள் நுழைந்ததும் அப்படியே எடை மெஷினில் ஏறி நிற்பார். சட்டைப் பையில் போன், தோள் பையில் தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ். எல்லாம் சேர்ந்து 1 கிலோ 200 கிராம் வந்துவிடும். கணக்கில் அது உடம்பில் தேங்கிய நீராகத்தான் ஏறும்.

அவருடைய டிரை வெயிட், அதாவது தேங்கிய நீரெல்லாம் போன பிறகு இருக்க வேண்டிய எடை, 52 கிலோ, அன்றைய உண்மையான எடை 54.2 என்று வையுங்கள். எடுக்க வேண்டியது 2.2 லிட்டர். கடைசியில் ரத்தத்தைத் திருப்பி ஏற்றும்போது உள்ளே போகும் சலைனுக்காக 300 மி.லி. சேர்த்தால் 2.5 லிட்டர். 4 மணி நேரத்துக்குப் பிரித்தால், உடல் எடை கிலோவுக்கு மணிக்கு 12 மி.லி. வருகிறது. இது 13ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. ஸ்வெட்டரோடு பார்த்தால் எடை 55.4, எடுப்பது 3.7 லிட்டர், வேகம் கிட்டத்தட்ட 18. பிரஷர் இறங்காமல் என்ன செய்யும்?

டயாலிசிஸ் மெஷின் நீரை எடுப்பது ரத்தத்திலிருந்து மட்டும்தான். 52 கிலோ உடம்பில் இருக்கும் ரத்தமே மூன்றரை லிட்டர் சுமார். காலிலும் வயிற்றிலும் தேங்கிய நீர் மெல்ல மெல்ல ரத்தக் குழாய்க்குள் ஊறி வர வேண்டும். கிணறு ஊறுவதற்குள் மோட்டார் இறைத்துவிட்டால் என்ன ஆகும் என்று நம் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தான் நேரத்தைக் குறைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, 3 மணி நேரம் போதும் என்றால் அதே 2.5 லிட்டருக்கு வேகம் 16 ஆகிவிடும். அரை மணி கூட்டி நாலரை மணி நேரம் ஓட்டினால் 11க்குள் வந்துவிடும். அடிக்கடி பிரஷர் இறங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. டயாலிசேட், அதாவது ரத்தத்தைச் சுத்தப்படுத்த மெஷினில் ஓடும் திரவம், அதன் வெப்பத்தை 37 டிகிரியிலிருந்து 36 அல்லது 35.5க்குக் குறைப்பதும் உதவும். குளிர்ச்சியில் ரத்தக் குழாய்கள் சுருங்கிப் பிரஷரைத் தாங்கும். டாக்டரிடம் கேளுங்கள். நடுக்கினால் மெல்லிய போர்வை போதும். ஊசி குத்திய கையை மட்டும் மூடாதீர்கள். ஊசி நழுவினால் யார் கண்ணிலும் படாது.

டிரை வெயிட்டும் நிலையான எண் இல்லை. பசி எடுத்து நன்றாகச் சாப்பிடத் தொடங்கியவருக்குச் சதை போட்டிருக்கும். பழைய எண்ணையே பிடித்துக்கொண்டு இறைத்தால் ஒவ்வொரு முறையும் கடைசி அரை மணியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். அப்படியானால் எண்ணை மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

வீட்டில் எடை ஏறுவதற்குத் தண்ணீரைக் குறை சொல்கிறோம். அதை இழுப்பது உப்பு. 1 லிட்டர் சலைன் பாட்டிலில் 9 கிராம் உப்பு. உடம்பும் ஏறக்குறைய அந்தக் கணக்கில்தான் நீரைப் பிடித்து வைக்கும். நாளுக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குள் நிறுத்தினால் தாகம் தானாகக் குறையும். சாயங்காலத் தட்டுவடை செட், ஜவ்வரிசி வடாம், உப்பு மிளகாய்த்தூள் தொட்ட மாங்காய் மூன்றும் நம் ஊரில் உப்பு ஏறும் வழிகள். அதற்காக சோடியம் குறைந்த உப்பு வாங்கிவிடாதீர்கள். அதில் இருப்பது பொட்டாசியம்; டயாலிசிஸ்காரர்களுக்கு இதயத்தையே நிறுத்தக்கூடியது.

பிரஷர் மாத்திரையைக் காலையில் போடுவதா, முடிந்த பிறகா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள். சாப்பாட்டை முன்கூட்டியே முடித்துவிடுங்கள். மெஷின் ஓடும்போது நாலு இட்லி சாப்பிட்டால் ரத்தம் வயிற்றுப் பக்கம் திரும்பிவிடும்.

பிரஷர் இறங்குவதற்கு முன் உடம்பு சொல்லும். காரணமில்லாத கொட்டாவி, நெற்றியில் குளிர்ந்த வியர்வை, குமட்டல், காது அடைப்பு, பார்வை மங்கல். முதல் கொட்டாவியிலேயே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். பாவம், அவர்களுக்கு எதற்குத் தொந்தரவு என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள். நீர் எடுப்பதை நிறுத்தி, தலையைத் தாழ்த்திக் காலை உயர்த்தி, 100 முதல் 200 மி.லி. சலைன் விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். சர்க்கரைக்காரர் என்றால் சுகரையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த வியர்வை லோ சுகராகவும் இருக்கலாம். நீண்டநாள் சர்க்கரை உள்ளவர்களுக்கு அறிகுறியே தெரியாமலும் இறங்கும். அவர்களுக்கு அடிக்கடி பிரஷர் பார்த்தே ஆக வேண்டும். நெஞ்சு வலித்தால் ஒரு நிமிடமும் மறைக்காதீர்கள்.

முடிந்ததும் சட்டென்று எழாதீர்கள். பத்து நிமிடம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, நின்றபடி ஒரு முறை பிரஷர் பார்த்த பிறகு கிளம்புங்கள். ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். தலை சுற்றலோடு ஏறுகிற பாதை இல்லை அது. அன்று பிரஷர் இறங்கியிருந்தால், படுக்கப் போகுமுன் ஃபிஸ்டுலா மேல், அதாவது ஊசி குத்துவதற்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்த இடத்தில், விரல் வைத்துப் பாருங்கள். பூனை உறுமுவதுபோல அதிர வேண்டும். ரத்த ஓட்டம் தளர்ந்த நேரத்தில் அது அடைத்துக்கொள்ளலாம். அதிர்வு இல்லையென்றால் விடியும்வரை காத்திருக்காமல் அப்போதே யூனிட்டுக்குப் போன் செய்யுங்கள்.