மத்தியானம் இரண்டு முதல் ஐந்தரை வரை

மருந்துக் கம்பெனி ரெப் வேலையில் பாதி, காத்திருப்பதுதான். பையை மடியில் வைத்துக்கொண்டு கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். கடைசி நோயாளி வெளியே வந்ததும் கம்பவுண்டர் எட்டிப்பார்த்துத் தலையசைப்பார். உள்ளே இரண்டு நிமிடம் கிடைத்தால் பெரிது. அதற்காக இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்ததை யாரும் கேட்கப்போவதில்லை. அன்றாட ரிப்போர்ட்டில் ஒரு வரி, அவ்வளவுதான்.

என் ஹெட்குவார்ட்டர்ஸ் நாகர்கோவில். மார்த்தாண்டம், கன்னியாகுமரி என்றால் ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம். தென்காசி, ராஜபாளையம், தூத்துக்குடி என்றால் லாட்ஜ். காலை ஓ.பி. இரண்டு மணிக்குள் முடிந்துவிடும். சாயங்காலக் கிளினிக் திறக்க ஐந்தரை, ஆறு ஆகும். நடுவில் கிடக்கிறதே, அந்த நேரத்தைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். சாப்பிட்டாயிற்று. வெளியே வெயில் கொளுத்துகிறது. ரூமில் ஃபேன் சுற்றுகிறது, கதவு தாழ் போட்டிருக்கிறது, நம்மை அறிந்த ஒருவரும் இல்லாத ஊர். முன்பெல்லாம் மூலையில் ஒரு டிவி இருக்கும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா சல்லிசான பிறகு டிவியும் வேண்டியதில்லை, எல்லாம் கைக்குள்ளேயே வந்துவிட்டது.

வாலிபர் கூட்டங்களில் பரிசுத்தத்தைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறேன். தம்பிமார் கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள், தங்கச்சிமார் உடையில் கவனமாயிருங்கள். சரி. ஆனால் மத்தியானம் இரண்டு மணிக்கு வெளியூர் லாட்ஜில் ஒரு சம்பளக்காரன் என்ன செய்வான் என்று எந்தப் பிரசங்கியாரும் பேசிக் கேட்டதில்லை. அவர்கள் கணக்கில் இச்சை என்பது காலேஜ் பையனுடைய பாடு. வேலை கிடைத்து, கல்யாணமும் ஆகிவிட்டால் அந்த அத்தியாயம் முடிந்தது.

நான் பார்த்த வரையில், வேலையில் ஒருவன் எப்படி இருக்கிறானோ அதிலிருந்து இந்த விஷயத்தைப் பிரிக்கவே முடியாது. ரூமில் தடுமாறிய பையன்கள் பெரும்பாலும் அதற்கு முன்பே பொய் ரிப்போர்ட் போடத் தொடங்கியிருந்தார்கள். அது எப்படி நடக்கும் என்றால், டூர் புரோகிராமில் இன்றைக்கு இத்தனை டாக்டர், இத்தனை மெடிக்கல் ஷாப் என்று எழுதிக் கொடுத்திருப்போம். காலையில் பாதிப் பேரைப் பார்த்ததும் அலுத்துவிடும். மீதிப் பேரையும் பார்த்ததாக ரூமில் படுத்துக்கொண்டே போட்டுவிடலாம். டாக்டருக்கு போன் போட்டு எந்த மேனேஜரும் கேட்க மாட்டார். சாம்பிள் மாத்திரை பைக்குள்ளேயே இருக்கும், கணக்கில் மட்டும் கொடுத்தாயிற்று. இப்படி யாரும் பார்க்காத இடத்தில் பொய் சொல்லப் பழகிய கைக்கு, மிச்சம் கிடைக்கிற அந்த மத்தியானமும் சேர்ந்துகொள்கிறது. இனி எதற்கு அது கூசும்?

தாவீது ராஜா விஷயத்திலும் இதுதானே? ராஜாக்கள் யுத்தத்துக்குப் புறப்படுகிற காலம் என்று வேதம் குறித்து வைத்திருக்கிறது. படை முழுவதும் ரப்பா பட்டணத்தை முற்றுகை போட்டு நிற்கிறது, ராஜா எருசலேமில் இருக்கிறார். சாயங்காலம் படுக்கையிலிருந்து எழுந்து உப்பரிகையில் உலாவுகிறபோதுதான், குளித்துக்கொண்டிருந்த பத்சேபாள், இன்னொருவன் மனைவி, கண்ணில் படுகிறாள். எங்கள் பாஷையில் சொன்னால், டூர் புரோகிராமில் ரப்பா, ஆள் இருந்தது ரூமில். பிரசங்கங்களில் பத்சேபாள் குளித்ததைப் பற்றியே பேசிப்பேசி, அன்றைக்கு அவர் எங்கே இருந்திருக்க வேண்டும் என்பதை விட்டுவிடுகிறோம்.

யோசேப்பு நேர் எதிர். தன் எஜமான் போத்திபாரின் மனைவி ஆசைகாட்டி அழைத்தபோது அவன் சொன்ன பதிலை ஆதியாகமம் 39-இல் நிதானமாக வாசித்துப் பாருங்கள். தேவனுக்கு விரோதமாய்ப் பாவம் செய்வது எப்படி என்பது பதிலின் கடைசியில்தான் வருகிறது. முதலில் அவன் சொல்வது வேலைக் கணக்கு: என் எஜமான் வீட்டில் இருப்பது இன்னதென்று விசாரிக்காமல் எல்லாவற்றையும் என் கையில் ஒப்படைத்திருக்கிறார், உன்னைத் தவிர வேறொன்றையும் எனக்கு விலக்கி வைக்கவில்லை. கணக்கு கேட்க ஆளில்லாத வேலையில் ஒழுங்காக இருந்தவன் பேசுகிற பேச்சு அது. அவள் ஒரு நாள் கேட்டு விட்டுவிடவில்லை, நித்தம் நித்தம் கேட்டாள். அவனும் நித்தம் நித்தம் மறுத்துவிட்டு, மறுபடி அந்த வீட்டு வேலையைத்தான் பார்க்கப் போனான். கடைசியில் ஓடினானே, அன்றும் அவன் வீட்டுக்குள் போனது வேலை செய்யத்தான்.

ஒருமுறை டார்கெட் முடித்தவர்களைக் கம்பெனி பட்டாயா கூட்டிப்போனது. பகலில் தீவு, படகு. ராத்திரி எங்கே போவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். கேலி இருந்தது. "என்ன பாஸ்டர், ஜெபமா?" என்பார்கள். அந்தக் கேலியை நிறுத்தியது ஒரு விசுவாசி இல்லை, மதுரை ஏரியாவிலிருந்து வந்த, சாமியே இல்லை என்று பேசுகிற ஒருவர். "அவரை விடுங்கப்பா, வாங்க சார் சாப்பிடப் போவோம்" என்று என்னை அழைத்துக்கொண்டு போனார். மீன் சாப்பிட்டோம். அவருக்கு மகளைப் பற்றிப் பேச நிறைய இருந்தது.

அதற்குப் பிறகு வெளியூர் போனால் தனி ரூம் எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். வேறு கம்பெனி ரெப் ஒருவரோடு பாதி வாடகை. கம்பெனி தரும் பயணப்படியிலும் மிச்சம் பிடிக்கலாம். மத்தியானம் மெடிக்கல் ஷாப்புகளைப் பார்க்கப் போய்விடுவேன். கடைக்காரருக்கும் அப்போதுதான் கூட்டமில்லாமல் பேச நேரம் இருக்கும். எந்த டாக்டர் எதை எழுதுகிறார் என்று அந்த நேரத்தில் சொல்வார். நான் எடுத்த சேல்ஸில் பாதி அந்த வெயிலில் கிடைத்ததுதான் என்றால் புதுப் பையன்கள் நம்ப மாட்டார்கள்.

அப்படி என்னோடு தென்காசிக்கு வந்த ஒரு தம்பி, ராதாபுரம் பக்கத்துக்காரன், பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் வைத்துக் கேட்டான்.

"அண்ணே, கல்யாணம் ஆயிட்டா இந்தத் தொல்லை போயிரும்லா?"

"போகாது."

"என்னண்ணே இப்படிச் சொல்லுதிய?"

"தாவீதுக்கு அன்னிக்கு எத்தனை பெண்டாட்டி?"

சிரித்தான். ஆனால் அவன் முகத்தில் கவலை தெரிந்தது. வீட்டில் பெண் பார்த்துப் பார்த்துத் தட்டிப் போய்க்கொண்டிருந்த நேரம் அது. ரெப் என்றால் பெண் கொடுக்க யோசிப்பார்கள், வேலை நிலையில்லை என்பார்கள். கல்யாணம் தள்ளிப்போகிறவனிடம் பொறுமையாயிரு என்று சொல்வது சுலபம், சொல்கிறவருக்குப் பெரும்பாலும் இருபத்தைந்திலேயே கல்யாணம் ஆகியிருக்கும். அதனால் அவனிடம் நான் பொறுமையைப் பற்றிப் பேசவில்லை. வலிக்கிறது என்றால் வலிக்கிறது என்றே ஆண்டவரிடம் சொல்லு, ராத்திரி பத்து மணிக்கு மேல் மனம் அலைந்தால் எனக்கு போன் அடி என்றேன். சில ராத்திரிகள் அடித்தான். பாதி நேரம் கிரிக்கெட்தான் பேசினோம்.

காத்திருப்பு எனக்கும் புதிதில்லை, என்னுடையது வேறு வகை. படித்து முடித்ததும் இறையியல் கல்லூரிக்குப் போய்ப் போதகராக வேண்டும் என்றிருந்தேன். அப்பா காலமானார், தங்கைகள் இருந்தார்கள், பையைத் தூக்கினேன். என்னோடு ஜெபித்தவர்கள் ஒவ்வொருவராக அங்கியோடு ஆலயத்தில் நின்றபோது, நான் தூத்துக்குடியில் ஸ்டாக்கிஸ்டிடம் காலாவதியான சரக்குக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் போதகர் ஐயாவிடம் ஒருநாள் அதைச் சொன்னேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "போத்திபார் வீட்டுக் கணக்கு எழுதுறதுக்கா ஆண்டவர் யோசேப்புக்குச் சொப்பனம் காட்டினார்?" என்று மட்டும் கேட்டுவிட்டு, ஒரு இழவு வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது.

பிறகு உட்கார்ந்து பார்த்தேன். யோசேப்புக்குக் கதை தொடங்கும்போது 17 வயது, எகிப்து ராஜா பார்வோனுக்கு முன்பாக நிற்கும்போது 30. நடுவில் 13 வருஷம். இதில் நம் பிரசங்கங்கள் மழுப்புகிற ஒரு இடம் உண்டு: பரிசுத்தமாக இருந்ததற்கு அவனுக்குக் கிடைத்தது பதவி உயர்வு இல்லை, ஜெயில். அங்கேயும் அவனிடம் உதவி பெற்ற, பார்வோனின் பானபாத்திரக்காரன் அவனை மறந்துபோனான், இன்னும் இரண்டு வருஷம் ஓடியது. சுத்தமாக இரு, நல்ல பெண் கிடைப்பாள், நல்ல வேலை கிடைக்கும் என்று பேரம் பேசுகிறவர்கள் இந்த இரண்டு வருஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள்?

களக்காடு பக்கம் போனால் சில நேரம் டோனாவூர் வழியாக வருவேன். அங்கே வாழ்ந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் முதலில் ஊர் ஊராகச் சுற்றிப் பிரசங்கித்துக்கொண்டிருந்தவர். கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த ஒரு சிறுமி 1901-இல் தப்பி வந்து அவரிடம் சேர்ந்த பிறகு, பிள்ளை வளர்ப்பதே அவருடைய வேலை ஆனது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1931-இல் விழுந்து அடிபட்டவர், 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்தார். அவருடைய கல்லறையில் பெயர்ப்பலகை கிடையாது. பறவைகளுக்கான கல்தொட்டி ஒன்றில் 'அம்மா' என்று மட்டும் இருக்கும். எனக்கு அங்கே போனால் தோன்றுவது, பரிசுத்தம் என்பது என் மனதை நான் சுத்தமாக வைத்துக்கொள்வதோடு நிற்கிற காரியமில்லை என்பது. இன்னொரு பிள்ளையின் உடம்பு யாருடைய கைக்கும் போய்ச்சேராமல் பார்த்துக்கொள்வதும் அதில் அடக்கம்.

ஏரியா மேனேஜர் ஆன பிறகு இது இன்னும் கிட்டே வந்தது. என் டீமில் பெண் ரெப்புகளும் இருந்தார்கள். ஜாயிண்ட் வொர்க் என்றால் மேனேஜரும் ரெப்பும் காலையிலிருந்து ராத்திரிவரை சேர்ந்தே கிளினிக் கிளினிக்காகப் போக வேண்டும். அவளுடைய இன்கிரிமெண்ட் என் கையெழுத்தில் இருக்கிறது. நான் சாதாரணமாகச் சொல்கிற ஒரு பேச்சுக்கூட அவளுக்குச் சாதாரணமாக இருக்காது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் வேலை விஷயமானாலும் மெசேஜ் அனுப்புவதில்லை, அன்றைக்குக் கடைசியாகப் பார்க்கிற டாக்டரை அவள் வீட்டுக்குப் பக்கமாகப் போடுவது, இப்படிச் சின்னச் சின்ன ஏற்பாடுகள். அவர்களில் ஒருத்தி வேலையை விட்டுப் போகும்போது, "சார், உங்களோட வொர்க் வந்தா வீட்டுல அம்மா போன் அடிச்சிக்கிட்டே இருக்க மாட்டாங்க" என்றாள். அப்படியென்றால் மற்றவர்களோடு போன நாட்களில் அந்த அம்மா எத்தனை முறை அடித்திருப்பார்!

போன மாதம் எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் இந்தத் தலைப்பில் என்னைப் பேசச் சொன்னார்கள். 1 தெசலோனிக்கேயர் 4-ஐ எடுத்தேன். தெசலோனிக்கே ஒரு துறைமுகப் பட்டணம், எங்கள் தூத்துக்குடி மாதிரி. மூன்றாம் வசனத்தில் வேசித்தனத்துக்கு விலகச் சொல்கிற பவுல், ஆறாம் வசனத்தில் இதே விஷயத்தில் சகோதரனை வஞ்சிக்காதே என்கிறார். பதினோராம் வசனத்தில் சொந்த வேலையைப் பார், சொந்தக் கைகளால் உழை என்று முடிக்கிறார். கூடாரம் தைத்துச் சாப்பிட்ட மனுஷனுக்கு அது ஒரே பேச்சாகத்தான் இருந்திருக்கும்.

பாதியில், பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். முதல் வேலைக்குப் போய்ச் சில மாதம்தான் ஆகியிருக்கும். "அங்கிள், நாங்க ஒழுங்கா இருக்கோம். மேனேஜர் ஒழுங்கா இல்லைன்னா என்ன செய்ய?" என்றாள்.

அப்புறம் பேச்சு முழுவதும் அந்தப் பக்கம் போய்விட்டது. வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கிற பாலியல் தொல்லைக்கு எதிராக 2013-இல் வந்த சட்டத்தைச் சொன்னேன். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும், நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், மெசேஜ்களை அழித்துவிடக் கூடாது. பெண்பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். பையன்கள் இரண்டு பேரும் எழுதினார்கள், அது எனக்குப் பிடித்தது. யோசேப்பைப் பற்றி எழுதிக்கொண்டு போயிருந்த தாள் பைக்குள்ளேயே கிடந்தது. அதை அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று செயலாளர் தம்பி சொல்லியிருக்கிறான், வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) வேலை வந்து இடிக்காவிட்டால்.