94-ஐத் தாண்டாத 300 எம்பிபிஎஸ் இணையம்

வீட்டு இணைய இணைப்பில் 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட் வேகம்) பிளானிலிருந்து 300-க்கு மாறினேன். கட்டணம் உடனே ஏறியது, வேகம் ஏறவில்லை. லேப்டாப்பை லேன் கேபிளில் நேராக மோடத்தோடு இணைத்து ஸ்பீடு டெஸ்ட் பார்த்தால் 94. விடியற்காலையிலும் 94, தெருவே சீரியல் பார்க்கும் இரவு நேரத்திலும் 94.

வாடிக்கையாளர் சேவையில் யார் எடுத்தாலும் சொல்வது ஒன்றுதான்: மோடத்தை அணைத்துப் போடுங்கள். அடுத்தது, "வைஃபையில் அப்படித்தான் சார் இருக்கும்." கேபிளில்தான் பார்க்கிறேன் என்று ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து ஒப்பிக்க வேண்டும்.

எனக்கு உறுத்தியது அந்த எண்ணின் பிடிவாதம். லைனில் கோளாறு என்றால் வேகம் ஏறி இறங்கும். நெரிசல் என்றால் இரவில் படுத்துவிடும். எந்நேரமும் ஒரே எண் என்றால் வழியில் எங்கோ 100 எம்பிபிஎஸ் வரம்பு இருக்கிறது. தரவுப் பொட்டலம் ஒவ்வொன்றிலும் முகவரி, சரிபார்ப்பு, இடைவெளி என்று கொஞ்சம் கழிந்துவிடுவதால் 100-இல் கைக்கு வருவது 94, 95தான்.

லேப்டாப்பின் நெட்வொர்க் விவரத்தில் லிங்க் ஸ்பீடு, அதாவது லேப்டாப்பும் மோடமும் தங்களுக்குள் ஒத்துக்கொண்ட வேகம், 100/100 என்றே இருந்தது. லேப்டாப்பின் போர்ட் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வகை. அப்படியானால் கேபிள் அல்லது மோடம். கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் உண்டு. 100-க்கு இரண்டு ஜோடி போதும்; கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். மற்ற இரண்டு ஜோடியில் ஒரு கம்பி அறுந்தாலும் பெரும்பாலும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். புதுக் கேபிள் போட்டும் அதே கதை. மோடத்தைக் கவிழ்த்து, அடியிலிருந்த ஸ்டிக்கரில் மாடல் எண்ணைப் படித்துத் தயாரிப்பாளரின் விவரத்தாளைத் தேடினேன். லேன் போர்ட்டுகள் எல்லாமே 100 வகை. வைஃபையும் மெதுவான 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும். ஃபைபர் வருவதோ 2.5 கிகாபிட் வரை இறக்கக்கூடிய ஜிபான் தொழில்நுட்பத்தில்! ஏரியைத் திறந்துவிட்டு அரை இஞ்ச் குழாயில் பிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

வந்த லைன்மேன் ஃபைபரைக் கழற்றி, அதில் வரும் ஒளியின் அளவைக் காட்டும் பவர் மீட்டரில் செருகினார். மைனஸ் 19 டிபிஎம். "சிக்னல் அருமை சார், லைனில் குறையே இல்லை." லிங்க் ஸ்பீடைக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, "இந்தப் பெட்டியில் இதற்கு மேல் வராது. ஆபீசில் கேளுங்கள், நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்" என்றார். நல்ல மனிதர்.

'வேகம் குறைவு' என்று புகார் எழுதினால் லைனைச் சோதித்து மூடிவிடுகிறார்கள். ஆகவே, "பிளான் 300, நீங்கள் கொடுத்த மோடத்தின் போர்ட் 100, மாற்றித் தரவும்" என்று எழுதி, லிங்க் ஸ்பீடு காட்டிய திரையின் படத்தையும் விவரத்தாளையும் இணைத்தேன். அதற்குப் பிறகுதான் காரியம் நகர்ந்தது. கடையில் நாமே வாங்கி மாட்டலாமே என்று தோன்றும். ஆனால் புது மோடத்தின் சீரியல் எண்ணை நிறுவனம் தன் பக்கம் பதிவு செய்யாமல் ஜிபான் இணைப்பு உயிர் பெறாது.

புதியதில் கிகாபிட் போர்ட், 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசை வைஃபை. கேபிளில் 300-ஐ ஒட்டி வருகிறது; கூடத்தில் போனில் 5 கிகாஹெர்ட்ஸில் 260. இரண்டு சுவர் தாண்டிய பின்னறையில் 2.4-க்குத் தாவி 40-தான். அது மோடத்தின் குற்றமில்லை, சுவரின் குற்றம். டிவியின் லேன் போர்ட்டும் 100 வகைதான் என்று இப்போது தெரிந்தது. 4கே படத்துக்கு 25 போதும் என்பதால் அதை விட்டுவிட்டேன்.

பழைய மோடம் நிறுவனத்தின் சொத்து. எடுத்துப்போக வந்தவரிடம் சீரியல் எண் குறித்த ரசீது கேட்டேன். முதலில் முனகினார், பிறகு எழுதிக் கொடுத்தார்.