உறுதிப் பைக்குள் இருந்த அம்மாக்கள்

ஓகஸ்ட் கடைசிக் கிழமை வந்தால் கொழும்பு வெள்ளவத்தையில் எந்த மாடிவீட்டு லிஃப்டில் ஏறினாலும் பெரிய சூட்கேஸ்தான். நல்லூர்த் திருவிழாவுக்கென்று வந்து இறங்கியவர்கள் கனடாவுக்கும் லண்டனுக்கும் திரும்புகிறார்கள், செப்டெம்பரில் அங்கே பள்ளிக்கூடம் தொடங்கிவிடும். மிளகாய்த்தூளைக் குறைப்பதா ஒடியல் மாவைக் குறைப்பதா என்று வீட்டுக்கு வீடு நிறுத்துப் பார்க்கிறார்கள். எங்கள் வீட்டிலும் அதேதான். ரொறன்ரோவில் இருந்து மச்சாளும் அவர் மகளும் வந்து நின்றார்கள். இங்கே பிள்ளைகளுக்கும் விடுமுறை என்பதால் என் மகளும் மச்சாளின் மகளும் என் கணவரின் தாயான மாமியின் அறையே கதி என்று கிடந்தார்கள். அந்த அறையில் நடந்ததைத்தான் எழுத நினைக்கிறேன்.

மாமியின் அலுமாரியில் மேல்தட்டு முழுக்கக் கல்வெட்டுகள். யாழ்ப்பாணத்து வீடுகளில் ஒருவர் இறந்து 31ஆம் நாள் அந்தியேட்டி, வீட்டுக்கிருத்தியம் முடிந்ததும் வந்தவர்களுக்குக் கொடுக்கிற சின்னப் புத்தகம் அது. இப்போது நினைவு மலர் என்று வழவழப்பான தாளில் வண்ணப் படங்களோடு அச்சடிக்கிறார்கள், பழையவை மங்கிய தாளில் இருக்கும். தேவாரம், திருவாசகம், திதி வெண்பா, இறந்தவரின் வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று ஒழுங்காகப் போகும், கடைசியில் வம்சாவளி இருக்கும். நான் மலையகத்துப் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். கலியாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்த புதிதில் யார் யாருக்கு என்ன முறை என்று தெரியாமல் திண்டாடியபோது, மதிய நேரங்களில் இந்தக் கல்வெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்துத்தான் குடும்பத்தைக் கற்றுக்கொண்டேன். பாட்டுகள் பெரும்பாலும் யாரோ ஒரு புலவரிடம் கேட்டு எழுதுவித்தவை என்றாலும் நடுவில் ஓரிடத்தில் திடீரென்று அந்த மனிதர் எந்தச் சந்தைக்கு எப்படிப் போவார், எந்தக் கோயிலுக்குக் கிணறு வெட்டிக் கொடுத்தார் என்று வந்துவிடும், அந்த இடத்தில் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். நான் விரும்பி வாசிக்கிறவற்றில் இவையும் சேர்த்தி என்று யாரிடமும் தயங்காமல் சொல்வேன். 2005 முதல் இயங்கிவரும் நூலகம் இணையத்தளத்தில் இப்படிப்பட்ட மலர்கள் ஏராளமாக வருடி ஏற்றப்பட்டிருக்கின்றன, ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள், எழுந்திருக்க மனம் வராது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கனடாவில் உள்ள சொந்தக்காரர் ஒருவர் குடும்ப மரம் ஒன்றைப் பெரிய தாளில் அச்சடித்துக் கொடுத்திருந்தார். மலாயா ரயில்வேயில் கிளாக்கராக இருந்து பென்ஷனோடு மானிப்பாய்க்குத் திரும்பி வந்த பூட்டனாரில் தொடங்கி ரொறன்ரோ, சிட்னி, ஒஸ்லோ வரை கிளை பரப்பி நிற்கிறது. உழைப்பான வேலைதான். மச்சாளின் மகள் அதை மாமியின் கட்டிலில் விரித்து வைத்துக்கொண்டு, அம்மம்மாவின் அம்மா எங்கே, அவரின் அம்மா எங்கே என்று கேட்டாள். தேடினோம். மாமியின் பெயர் ஒரு சின்னப் பெட்டிக்குள் மாமாவின் பெயருக்குப் பக்கத்தில் இருந்தது. அவருக்கு மேலே யாரும் இல்லை. கல்வெட்டுகளை எடுத்துப் பார்த்தால் அங்கேயும் இன்னாரின் மகளை மணந்து என்று தகப்பனின் பெயரோடு நின்றுவிடுகிறது, அந்த மகளுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும் அல்லவா, அதைக் காணோம்.

மாமி சிரித்தார். "உதில தேடினா கிடையாது பிள்ளை. அந்த உறுதிப் பையை எடு."

யாழ்ப்பாணத்தவர்களுக்கு உறுதிப் பை என்றால் விளக்கம் வேண்டாம். 1995 ஒக்டோபர் 30 இரவு யுத்தத்தால் வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது மாமி வீட்டில் இருந்து எடுத்துக்கொண்டு போனது இரண்டு மாற்றுச் சேலையும் இந்தப் பையும்தான். காணி உறுதிகள் என்ற நிலப் பத்திரங்கள், பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், கலியாணப் பதிவு, அடையாள அட்டைப் பிரதிகள் எல்லாம் அதற்குள். கொழும்புக்கு வந்த பிறகும் அது அவர் தலைமாட்டில்தான் இருக்கிறது. நான் அதைத் தொட்டதே இல்லை, பணம் காணி சம்பந்தப்பட்டது என்று ஒரு ஒதுக்கம்.

பிரித்தபோதுதான் தெரிந்தது அதற்குள் என்ன இருக்கிறது என்று.

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையில் சொத்து மூன்று வகை. பரம்பரையாக வந்த முதுசம், மகளுக்குக் கலியாணத்தில் கொடுக்கும் சீதனம், கலியாணத்துக்குப் பிறகு தேடிக்கொண்ட தேடியதேட்டம். ஒல்லாந்தர் 1707இல் இந்த வழக்கத்தைத் தொகுத்து எழுதுவித்தார்கள், ஆங்கிலேயர் 1806இல் அதையே சட்டமாக ஏற்றுக்கொண்டார்கள். தாயின் சீதனம் பெண்பிள்ளைகளுக்கு இறங்குவதுதான் பழைய வழக்கம். அதனால் ஒரு வீட்டு வளவு அம்மாவிடம் இருந்து மகளுக்கு, அந்த மகளிடம் இருந்து அவள் மகளுக்கு என்று போயிருக்கும், ஒவ்வொரு முறையும் ஒரு உறுதி எழுதப்பட்டிருக்கும், ஒவ்வொரு உறுதியிலும் இந்தக் காணி எனக்கு என் தாயாரால் இன்ன ஆண்டு இன்ன இலக்கச் சீதன உறுதிப்படி வந்தது என்று கொடுப்பவர் சொல்லியே ஆக வேண்டும். ஆக, ஆண்களின் பெயர்களை வைத்து மரம் வரைந்த குடும்பத்தில் பெண்களின் மரம் வேறொரு காரியத்துக்காக, காணிக்காக, ஏற்கெனவே எழுதப்பட்டுப் பைக்குள் கிடந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போனது.

வாசிப்பது லேசாக இருக்கவில்லை. உறுதித் தமிழ் ஒரு வசனத்தில் ஒரு பக்கம் ஓடும். மாகாணம், பகுதி, மானிப்பாய்க் கோயிற்பற்று, குறிச்சி, காணியின் பெயர், இத்தனை பரப்பு இத்தனை குழி, கிழக்கில் யார் காணி, வடக்கில் எந்த ஒழுங்கை, உள்ளே நிற்கிற பனை, கிணற்றில் எத்தனை பங்கு, வழி வாய்க்கால் உரிமை என்று முற்றுப்புள்ளி இல்லாமல் போய்க்கொண்டே இருக்கிறது (16 பரப்பு ஒரு ஏக்கர் என்று மச்சாளின் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தோம்). கையெழுத்து உறுதிகளில் பழைய லை, ணை, றா வருவதால் என் மகள் தடுக்கித் தடுக்கி வாசிப்பாள். மாமி கண்ணாடி இல்லாமலே, பாதி மனப்பாடமாக, எடுத்துக் கொடுப்பார். தமிழைக் கேட்டால் விளங்கும், வாசிக்கத் தெரியாது என்ற நிலையில் இருக்கிற மச்சாளின் மகள் மடிக்கணினியில் தட்டிக்கொண்டே வந்தாள். அப்படி இரண்டு மூன்று பின்னேரங்களில் மாமியின் அம்மா, அம்மம்மா, பூட்டி, பூட்டியின் தாய் என்று மேலே மேலே பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. கடைசியில் உள்ள உறுதி பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரர் ஒருவருடையது. அவருக்குக் கையெழுத்து வைக்கத் தெரியாது, கீறல் வைத்திருக்கிறார், பக்கத்தில் இது இன்னாரின் அடையாளம் என்று உறுதி எழுதிய நொத்தாரிசு எழுதியிருக்கிறார். அந்தக் கீறலை மச்சாளின் மகள் கனநேரம் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

இதைப் பெண்களுக்கு யாழ்ப்பாணத்தில் எல்லாம் கிடைத்துவிட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தேசவழமைப்படி மணமான பெண் தன் பெயரில் உள்ள காணியையே கணவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது, சீதனத்தால் வதைபட்ட பெண்களின் கதை ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறது. மாமியே சொல்வார், "எழுத்து எங்கட பேரில, சொல்லு அவையின்ர." ஆனாலும் பெயர் இருக்கிறது. அதற்கு நன்றி.

இதெல்லாம் நடக்கும்போது என் மகள் என் பக்கம் திரும்பி, "அம்மா, உங்கட பக்கத்து உறுதி எங்கே?" என்றாள்.

எங்கள் பக்கத்தில் உறுதி கிடையாது. லயத்துக் காம்பராவுக்கு, தோட்டத்து வரிசை வீட்டு அறைக்கு, யார் உறுதி எழுதுவார்கள்? இருநூறு வருடம் மலையில் வேலை செய்த சனத்துக்கு நிற்கிற இடம் சொந்தமில்லை. என் அலுமாரியில் இருந்து என் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்து வந்தேன், மகளுடையதையும் பக்கத்தில் வைத்தேன். நம் நாட்டுப் பிறப்புப் பத்திரத்தில் பாட்டனார் இலங்கையில் பிறந்தவரானால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம் எழுத ஒரு கூடு இருக்கிறது, தகப்பன் இங்கே பிறக்காவிட்டால் பூட்டனாரைக் கேட்க இன்னொரு கூடு. உலகத்தில் வேறெங்கே ஒரு பிள்ளை பிறந்ததைப் பதிய அதன் பூட்டனாரைத் தேடுவார்களோ! 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வம்சாவளிக் குடியுரிமைக்கு வைத்த நிபந்தனையைத்தான் அந்தக் கூடுகளில் பார்க்கிறேன்: தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அதையும் கடதாசியால் காட்ட வேண்டும். அந்தச் சட்டத்தால் ஏழு இலட்சம் அளவான மலையகத் தமிழர் நாடற்றவர் ஆனார்கள்.

என் பத்திரத்தில் பாட்டனார் கூட்டில் ஒரு கோடு கீறியிருக்கிறது. அவர் துறையூர்ப் பக்கம் பிறந்து, சின்ன வயதில் மண்டபம் முகாம் வழியாகக் கப்பலேறி வந்தவர். மகளின் பத்திரத்தில் அதே கூட்டில் மாமாவின் பெயரும் ஆண்டும் வடிவாக நிரம்பியிருக்கிறது. இரண்டிலும் பாட்டியைக் கேட்கும் கூடு இல்லை. என் மகளின் பத்திரத்தில் என் பெயர் இருக்கிறது, என்னைப் பெற்றவர்களைக் கேட்கவே இல்லை.

அன்றிரவு அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அம்மா இன்னும் தோட்டத்துக்குப் பக்கத்து டவுனில் தம்பியோடு இருக்கிறார். அம்மாயியின் (அம்மாவைப் பெற்றவர்) அம்மா பேர் என்ன என்று கேட்டேன். "எதுக்குடி இந்நேரத்தில?" என்றவர் அப்புறம் நிறுத்தவே இல்லை. அம்மாயியின் பெயர் எழுத்தில் இருப்பது அவர் வேலை செய்ததால்தான். செக்ரோல் என்ற தோட்டத்து வேலைப் பதிவேட்டில் பெயர், ஊழியர் சேமலாப நிதி அட்டையில் பெயர். விடியப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நின்று, நிறை குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுவார்களே என்று மழையிலும் கொழுந்து கிள்ளிய பெண்களின் பெயர்கள் ஆண்களின் பெயர்களோடு அந்தப் பதிவேடுகளில் நிறைந்து கிடக்கின்றன. அவை தோட்ட ஆபீசுகளில் மக்கிப் போகாமல் இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். காணியில்லாத எங்கள் சனத்துக்கு உறுதிப் பை என்று ஒன்று இருந்தால் அது செக்ரோல்தான்.

அதற்கு மேலே உள்ள தலைமுறையை அம்மா ஒப்பாரியில் இருந்து எடுத்தார். எங்கள் பக்கத்தில் ஒப்பாரியைப் புலவர் எழுதித் தருவதில்லை, கட்டிப்பிடித்து அழுகிற பெண்களே அந்த இடத்தில் கட்டிப் பாடுவார்கள். தாய்க்கு அழும்போது அவள் பிறந்த வீடு, அண்ணன் தம்பி, ஊரின் மலை, கடந்து வந்த கடல் எல்லாம் வரும். தன் தாய்க்கு அம்மாயி அழுததை அம்மா சின்னப் பிள்ளையாக நின்று கேட்டிருக்கிறார். கொல்லிமலை தெரிகிற ஊர், அங்கே விட்டுவந்த தம்பி, கூடவே வந்து வழியிலேயே இறந்த கைக்குழந்தை, இவ்வளவும் அந்தப் பாட்டில் இருந்திருக்கிறது. எனக்கு இது ஒன்றுமே தெரியாது. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசினோம், மாமியும் கேட்டுக்கொண்டு இருந்தார். பிறகு தொலைபேசியை வாங்கி, "அந்தக் குழந்தை பொம்பிளைப் பிள்ளையோ சம்பந்தி?" என்று கேட்டார்.

பெண் குழந்தைதான். மச்சாளின் மகள் அதற்கும் ஒரு இடம் போட்டாள், பெயர் இல்லாமல்.

இப்போது ஒரே தாளில் இரண்டு பக்கத்து அம்மாக்களும் இருக்கிறார்கள். மச்சாளும் மகளும் போய்விட்டார்கள். தாளின் ஒரு பிரதி ரொறன்ரோவுக்குப் போயிருக்கிறது, ஒன்று உறுதிப் பைக்குள். செப்டெம்பரில் பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்தில் புத்தகக் கண்காட்சி வரும், வழக்கமாக அதற்குச் சேர்த்து வைக்கும் காசில் ஒரு பங்கை எடுத்து இந்த முறை அம்மாவிடம் போய் ஒரு கிழமை நின்று, பேசுவதையெல்லாம் பதிவு செய்யப் போகிறேன். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது.

ஒரு கிளை மட்டும் அறுந்து நிற்கிறது. அம்மாயிக்கு ஒரு தங்கை. இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவானதே, அதில் அவர் குடும்பமும் அகப்பட்டது. எழுபதுகளின் தொடக்கத்தில் தலைமன்னாரில் இராமானுஜம் கப்பல் ஏறிப் போனார்கள். கோத்தகிரியில் இருந்து சில வருடங்கள் கடிதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. அவர் பிள்ளைகளைக் கேட்காமல் பெயரை இங்கே போட மனமில்லை. கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கம் யாராவது இதை வாசித்தால், பொகவந்தலாவையில் இருந்து வந்த உங்கள் பாட்டிக்கு அங்கேயே தங்கிவிட்ட ஒரு அக்கா இருந்தார் என்று வீட்டில் கேட்ட ஞாபகம் இருந்தால், எனக்கு எழுதுங்கள். அம்மாவிடம் அந்தக் கடிதங்கள் பத்திரமாக இருக்கின்றன, கையெழுத்தைப் பார்த்தால் உங்களுக்குத் தெரியும்.