நாலு ஞாயிறு, நாலு மெட்டு: ‘நேக்கட்’ ஆல்பத்தின் முறையில் பாட்டுக் கட்டிப் பார்த்தேன்

அமெரிக்க ராக் இசைக்குழு டாக்கிங் ஹெட்ஸின் ‘நேக்கட்’ ஆல்பம் எனக்கு ரொம்ப நாளாக அரைகுறையாகத்தான் பிடிக்கும். 1980-இல் வந்த அவர்களுடைய ‘ரிமெய்ன் இன் லைட்’ ஆல்பத்தின் பக்கத்தில் வைத்து இதை மட்டம் தட்டுகிறவர்களோடு சேர்ந்து நானும் தலையாட்டியவன்தான். போன மாதம் ஒரு ராத்திரி, பாட்டை விட்டுவிட்டு கிட்டார்களை மட்டும் கவனிக்கலாம் என்று ஹெட்ஃபோனில் போட்டேன். மாட்டிக்கொண்டேன்.

1988-இல் வந்த எட்டாவது ஆல்பம் அது, அவர்களுடைய கடைசி ஸ்டூடியோ ஆல்பமும் அதுதான். நியூயார்க்கில் எழுபதுகளில் கிளம்பிய நியூ வேவ் (பங்க் ராக்கை ஒட்டி வந்த ராக் பாணி) கோஷ்டி, பத்து வருடம் கழித்து தயாரிப்பாளர் ஸ்டீவ் லில்லிவைட்டோடு பாரிஸ் போய் டாவூ ஸ்டூடியோவில் உட்கார்ந்தார்கள். அங்கே ஆப்பிரிக்க இசைக்கலைஞர்கள் வந்து சேர்ந்தார்கள். கேமரூன் கிட்டாரிஸ்ட் ஈவ் ந்ஜொக், கினியாவின் மோரி கான்டே தன் 21 தந்தி கோராவோடு (மேற்கு ஆப்பிரிக்கத் தந்தி வாத்தியம்), போதாததற்கு அப்போதுதான் ஸ்மித்ஸ் என்ற இங்கிலாந்து இசைக்குழுவை விட்டு வெளியே வந்திருந்த கிட்டாரிஸ்ட் ஜானி மார். பித்தளை வாத்தியங்கள், பெடல் ஸ்டீல் (படுக்க வைத்து வாசிக்கிற ஒரு வகை கிட்டார்), அக்கார்டியன் எல்லாம் அதே ஆல்பத்தில்தான். இவ்வளவு பேர் வாசித்தும் ஏன் நெரிசல் இல்லை என்பதுதான் என்னைப் பிடித்த கேள்வி.

அவர்கள் வேலை செய்த விதம் இது: ஒரு நாளைக்கு ஒரு பாட்டு. எல்லோரும் சேர்ந்து வாசித்துக்கொண்டே இருப்பது, கடைசியில் ஒரு டேக்கை, அதாவது ஒரு தடவை வாசித்த பதிவை, தேர்ந்தெடுப்பது. வரிகள் கிடையாது. மெட்டுக்கு வரி எழுதுவது நமக்குப் பழகிய சமாச்சாரம், ஆனால் இங்கே பாடுகிற மெட்டே கடைசியில்தான் வந்தது. பாடகர் டேவிட் பைர்ன் நியூயார்க் திரும்பிய பிறகு, வாசித்து முடித்ததன் மேல் வாய்க்கு வந்ததைப் பாடிப் பாடித்தான் மெட்டையும் வார்த்தையையும் பிடித்தார்.

சரி, நாமும் செய்து பார்ப்போம் என்று நாலு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கினேன். கையில் இருந்தது ஒரு எலெக்ட்ரிக் கிட்டார், நண்பரிடம் கடன் வாங்கிய பேஸ் கிட்டார், ரெண்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் (வாத்தியச் சத்தத்தை லேப்டாப்புக்குள் அனுப்புகிற பெட்டி), லேப்டாப்.

முதல் ஞாயிறு படுதோல்வி. ரெண்டு ட்ராக்கிலும் ஆறு தந்தியையும் இழுத்து முழு கார்டு (சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டு) வாசித்திருந்தேன், கேட்டால் கஞ்சி மாதிரி ஒன்றோடொன்று கலந்து கிடந்தது. ராத்திரி ஐந்தாவது பாட்டை, அதுதான் ‘நத்திங் பட் ஃபிளவர்ஸ்’, பத்துப் பதினைந்து தடவை கேட்ட பிறகுதான் உறைத்தது. கிட்டார்கள் மேலே சின்னச் சின்னதாகப் பின்னிக்கொண்டு போகின்றன, ஒன்று விட்ட இடத்தில் இன்னொன்று நுழைகிறது, கனத்தையெல்லாம் பேஸும் டிரம்ஸும் சுமக்கின்றன.

அதற்குப் பிறகு கிட்டார் கழுத்தின் ஐந்தாம் ஃபிரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கிற கிளிப்) போட்டு, ஜி கார்டு வடிவத்தில் மேல்சுருதித் தந்திகள் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். பிக்கப் (தந்தியின் சத்தத்தைப் பிடிக்கிற பாகம்) சுவிட்ச், தந்திகள் முடிகிற பிரிட்ஜ் பக்கம், டோன் முழுசாகத் திறந்து, டிஸ்டார்ஷன் துளியும் இல்லை. உள்ளங்கையின் ஓரம் பிரிட்ஜில் பட்டும் படாமலும் இருக்க வேண்டும். கொஞ்சம் அதிகமாக அழுத்தினால் சுருதியே கேட்காது, எடுத்துவிட்டால் மணி அடித்த மாதிரி இழுத்துக்கொண்டே போகும். இந்த அரை மில்லிமீட்டர் கைவருவதற்கு அந்த வாரம் முழுக்க ராத்திரி அரைமணி நேரம் போனது. இன்னொரு விதியும் வைத்துக்கொண்டேன், தாளச் சுற்றின் முதல் தட்டில் ரெண்டு கிட்டாரும் வாசிக்கக் கூடாது, அது பேஸுக்கு.

ரெண்டாம் ஞாயிறு நன்றாகவே வந்தது. ஆனால் தாளத்துக்கு மைக் வைத்து எடுத்தபோது ஹெட்ஃபோனிலிருந்து கசிந்த மெட்ரோனோம் (தாளம் காட்டுகிற கருவி) டிக் டிக் என்று எல்லா டேக்கிலும் உட்கார்ந்துவிட்டது. ஏழு டேக். ஒன்றும் தேறவில்லை.

மூன்றாம் ஞாயிறு அக்கா மகன் வந்திருந்தான், பத்தாவது படிக்கிறான். அவனிடம் எவர்சில்வர் டப்பாவில் அரைப்பிடி அரிசியைப் போட்டுக் கொடுத்து ஆட்டச் சொன்னேன். சத்தம் காதைக் கிழித்தது. அரிசியைக் கொட்டிவிட்டுக் கேழ்வரகு போட்டோம், அருமையான ஷேக்கர். அவன் பதினாறு சுற்று விடாமல் ஆட்டிவிட்டு, “மாமா, இதுல பாட்டு எப்ப வரும்?” என்றான். பாரிஸில் வாசித்தவர்களுக்கும் இதே சந்தேகம் வந்திருக்கும். ஆல்பத்தின் முதல் பாட்டில் வருகிற பித்தளை வாத்தியம் மாதிரி ஒன்றைக் கீபோர்டில் முயன்றேன், பிளாஸ்டிக் ஊதல் போல இருந்தது, அழித்துவிட்டேன். அதைப் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

நாலாம் ஞாயிறு புது மெட்டு கட்ட வேண்டிய நாள். மூன்றாம் வார டேக் என்னை விடவில்லை, அதன் மேலேயே பாட உட்கார்ந்தேன் (தலைப்பில் நாலு மெட்டு என்று போட்டது ஆசை, உண்மையில் மூன்றுதான்). தன்னனா, தன்னனா என்று ஒரு மணி நேரம். என் குரல் திரும்பத் திரும்பக் கிட்டார் போகிற வழியிலேயே போய் ஒட்டிக்கொண்டது, அதைப் பிரித்துக் கீழே இறக்கிப் பாடினால்தான் ரெண்டும் தனியாகக் கேட்டன. பாடிக்கொண்டிருக்கும்போதே ‘தன்னி’ எப்படியோ ‘தண்ணி’ ஆகிவிட்டது, அடுத்த பத்து நிமிடத்தில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு லாரிக்குக் காத்திருக்கிற ஒரு ஆளின் புலம்பல் தயார். ‘ஃபிளவர்ஸ்’ பாட்டிலும் இதே கூத்துதான். ஊரெல்லாம் காடாகிப் பூப்பூத்துக் கிடக்கிறது, பாடுகிற ஆள் கடைகளையும் கார்களையும் காணோமே என்று ஏங்குகிறான், இசையோ துள்ளுகிறது. நான் காப்பியடிக்கவில்லை, தாளம் துள்ளினால் வாய் ஏனோ புலம்பத்தான் போகிறது போல.

இப்போதைக்கு ஒரு பாட்டு முழுசாக, ஒரு மெட்டு பாதியாக இருக்கிறது. ஆல்பத்தின் ரெண்டாம் பாதி இருண்டது, மெதுவானது, அந்தப் பக்கம் இன்னும் போகவே இல்லை. அக்கார்டியனுக்குப் பதில் ஆர்மோனியம் வைத்துப் பார்க்கலாம் என்று ஒரு யோசனை. ஆனால் அடுத்த வாரம் பையனுக்குப் பரீட்சை தொடங்குகிறது, கேழ்வரகு டப்பாவை ஆட்ட வேறு ஆள் தேட வேண்டும்.