மெலிசு போன் மேல ஒரு ஆசை

நேத்து கடையில ஐபோன் ஏரைச் சும்மா கையில எடுத்துப் பார்த்தேன். மனசு அங்கேயே சாஞ்சிடுச்சு. 5.6 மி.மீ. தடிமன், 165 கிராம். (கேமரா மேடு அந்த 5.6-ல சேர்த்தி இல்ல, அது தனிக் கதை.)

ராத்திரி கணக்குப் போட உட்கார்ந்தேன், தூக்கம் போச்சு.

பின்னாடி ஒரே கேமரா. அகலமா எடுக்கிற அல்ட்ராவைடு லென்ஸ் கிடையாது. கல்யாண வீட்டுல மொத்தக் குடும்பத்தையும் எடுக்கணும்னா நான் பந்திக் கூடம் வரைக்கும் பின்னாலயே நடக்கணும். ஸ்பீக்கர் காதுப்பக்கம் இருக்கிற ஒண்ணுதான். போனுக்குள்ளேயே இருக்கிற, கழட்ட முடியாத இசிம் மட்டும், அவசரத்துக்கு சிம்மைக் கழட்டி அப்பாவோட பழைய போன்ல போடுற வழக்கத்துக்கு ஒரு கும்பிடு.

பேட்டரிதான் உறுத்துது. மெலிசாக்கணும்னா முதல்ல கை வைக்கிறதே அங்கதான். 5.8 மி.மீ. சாம்சங் எஸ்25 எட்ஜ்ல பேட்டரி கொள்ளளவு 3,900 எம்ஏஎச், அதே வரிசை அல்ட்ராவுல 5,000. ஏருக்கு முதுகுல ஒட்டுற பேட்டரி தனியா விக்கிறாங்க. இளைக்கவும் காசு, திரும்பத் தடிக்கவும் காசு!

சாதா ஐபோன் 17 தடிமன் 7.95 மி.மீ., எடை 177 கிராம், ரெண்டு கேமரா. அறிமுக விலை 82,900 ரூபாய். ஏர் 1,19,900. ஆக 2.35 மி.மீ. குறைய 37,000 ரூபாய். இதுக்கு மேல கவர் வேற போடுவேன், என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?

இவ்வளவும் தெரிஞ்சும் கை அதையே தேடுது. எட்ஜோ ஏரோ வச்சிருக்கிறவங்க சொல்லுங்க, சாயங்காலம் ஆறு மணிக்கு எத்தனை சதவீதம் மிஞ்சுது?